திரும்பிச் செல்லும் நாடு

போன மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் பொம்மனஹள்ளியில் இருக்கும் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஆப்பிரிக்க ஆய்வு மையத்தைத் தனியாக வைத்திருக்க முடியவில்லையாம், வேறொரு துறையோடு சேர்த்துவிட்டார்களாம். அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். "மேடம், ஆரம்பத்துலேர்ந்து இருந்தவங்க நீங்கதான். நம்ம பல்கலைக்கழகத்துல ஆப்பிரிக்காவைப் பத்தின படிப்பை எப்படி வளர்த்தோம்னு நல்லபடியா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். காபி கொடுத்து அனுப்பினேன். நல்லபடியாக எழுத நிறைய இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். ஆனால் கீதாவை விட்டுவிட்டு என்னால் எழுத முடியாது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் பிறந்தது பெங்களூர் அல்சூரில். அப்பா கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதுவும், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். டைப்ரைட்டிங் முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தேர்வுப் பிரிவில் பல வருஷம் மதிப்பெண் பட்டியல் அடித்துக் கை ஓய்ந்த பிறகு, தொண்ணூற்றொன்றில் என்னை ஆப்பிரிக்க ஆய்வு மையத்துக்கு மாற்றினார்கள். "அங்க போனா தூங்கலாம் சரோஜா, கொடுத்துவச்சவ" என்று தோழிகள் கேலி செய்தார்கள். ஒரு ஹால், ஒரு அறை, இரண்டு ஸ்டீல் பீரோ, சுவர் முழுக்க ஒரு ஆப்பிரிக்க வரைபடம். அட்டெண்டர் முனுசாமி, நான், டைரக்டர். இவ்வளவுதான் மையம்.

டைரக்டர் பேராசிரியர் நாகபூஷணைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெல்லிய குரல், எப்போதும் வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பச்சை மைப் பேனா. ஆப்பிரிக்காவை அவர் நேசித்த மாதிரி சிலர் பெற்ற பிள்ளையைக்கூட நேசித்திருக்க மாட்டார்கள். ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. பல்கலைக்கழகம் அனுப்பவில்லை. யாராவது "ஆப்பிரிக்கா நாட்டுல" என்று பேச்சைத் தொடங்கினால் நடுவிலேயே நிறுத்தி, "நாடு இல்லை, கண்டம். எந்த நாட்டைச் சொல்றீங்க?" என்பார். எங்கள் ஆட்களில் சிலர் ஆப்பிரிக்க மாணவர்களைக் 'காப்பிரி' என்று சொல்வதுண்டு. ஒரு நாள் கேண்டீனில் அந்தச் சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. சொன்னவரை உட்கார வைத்து, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லி யாரை என்னவெல்லாம் செய்தார்கள் என்று சாப்பாடு ஆறிப்போகும் வரை விளக்கினார். அந்த மனிதர் அதன் பிறகு எங்களைக் கண்டாலே வேறு மேஜைக்குப் போய்விடுவார்.

கடிதங்களில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் எவ்வளவு சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்தாலும் அப்படியே கையெழுத்துப் போட மாட்டார். பச்சைப் பேனாவைத் திறந்து, ஓரத்திலோ அடியிலோ தன் கையால் ஒரு வரி சேர்ப்பார். மின்விசிறி பழுது என்று எழுதினால்கூட, ஆய்வாளர்கள் சிரமப்படுகிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரியில்தான் உண்மை முழுமையாகிறது என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அடித்த தாளில் கைக்கிறுக்கல் விழுவது எந்த டைப்பிஸ்டுக்குப் பிடிக்கும்?

நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் போனால் பாவம். நான் மையத்தில் சேர்ந்த வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊர் பற்றி எரிந்தது. தமிழ்க்காரர்கள் வெளியே வாயைத் திறக்கப் பயந்த நாட்கள். பஸ் இல்லை. அவர் தன் ஸ்கூட்டரில் என்னை உட்கார வைத்து ஓசூர் ரோடு வழியாகப் பொம்மனஹள்ளி வரை கொண்டுவந்து விட்டார். வழியில் நிறுத்தியவர்களிடம், "என் தங்கை" என்றார். நானும் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினேன். விட்டுவிட்டார்கள். அவர் மேல் எனக்கு இன்று எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

படிப்பை எப்படி வளர்த்தோம் என்று கேட்டார்கள் அல்லவா. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சொற்பொழிவு. போண்டா போட்டால் ஹால் நிறையும், பிஸ்கட் என்றால் நாங்கள் மூவரும் பேச்சாளரும்தான். மாலை நேரச் சான்றிதழ் படிப்பில் பாங்க் ஊழியர்களும், வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று நம்பிய பையன்களும் சேர்ந்தார்கள். கல்லூரிகளுக்கெல்லாம் வெற்று வரைபடம் அனுப்பி, நாடுகளைக் குறிக்கும் போட்டி வைத்தோம். திருத்தி முடிப்பதற்குள் எனக்கே எல்லா நாடும் மனப்பாடம் ஆகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை ஆப்பிரிக்க வாரம். அதுதான் பெரிய விழா. ஊரில் தனியார் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களை அழைத்து முதல் வரிசையில் உட்கார வைப்போம், மேடையில் ஆடச் சொல்வோம். சூடான் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "மேடம், எங்கப்பா மருந்துக்கடை வச்சிருக்காரு, நான் பார்மசி படிக்கிறேன், எங்க வீட்டுல யாருக்கும் ஆடத் தெரியாது" என்று இங்கிலீஷில் கெஞ்சினான். அவனை நன்றியுரை சொல்ல வைத்துத் தப்பிக்கவிட்டேன்.

இதன் நடுவில் ஒரு வழக்கம் தானாக உருவாகிவிட்டது. பல்கலைக்கழக வாசலில் கறுப்பாக, சுருட்டை முடியோடு யார் வந்து வழி கேட்டாலும், காவல்காரர் முதல் அட்மிஷன் பிரிவு வரை எல்லாரும் கையை எங்கள் கட்டடத்தின் பக்கம் நீட்டிவிடுவார்கள். என்ன வேலையாக வந்தாய் என்று கேட்பதே இல்லை. நாங்களும் அதைப் பெருமையாக நினைத்தோம், மையத்துக்குப் பெயர் வந்துவிட்டது என்று.

தொண்ணூறுகளின் நடுவில், அட்மிஷன் நேரம். ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். நீலப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். நான் இங்கிலீஷில், எந்த நாடு, எந்தக் கல்லூரி என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அவள் கன்னடத்தில் பதில் சொன்னாள். இங்கே எல்லாரும் பேசியது கன்னடம்தான், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், நான் எல்லாப்பூர் தாலுக்கா. எம்.ஏ. சரித்திரம் சேர வந்தேன். அட்மிஷன்ல இங்க போகச் சொன்னாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அட்மிஷன் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கீதா சித்தி என்று இருந்தது. பக்கத்தில் நின்ற முனுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு சித்தி அக்கா இவங்க?" என்றான். அவனும் நானும் தமிழ்க் காது கொண்டவர்கள், வேறு எப்படிக் கேட்கும்? அந்தப் பெண்ணே சிரித்துவிட்டு விளக்கினாள். சித்தி என்பது அவர்கள் ஜனத்தின் பெயர். கன்னடத்தில் நடு எழுத்தை அழுத்திச் சொல்வார்கள். உத்தர கன்னடத்துக் காடுகளில் நூற்றுக்கணக்கான வருஷமாக இருப்பவர்கள். எந்தக் காலத்திலோ கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழி வந்தவர்கள். அப்பா பாக்குத் தோட்டத்தில் கூலி. அவர்கள் வாடியில், அதாவது காட்டுக் குடியிருப்பில், பட்டப்படிப்பு முடித்த முதல் பெண் இவள். முனுசாமிக்கு விஷயம் புரிந்தது, ஆனால் அன்றிலிருந்து அவளை சித்தி என்றுதான் கூப்பிட்டான்.

"பட்டியல்ல பேரு வந்திருக்கு மேடம். சனிக்கிழமைக்குள்ள சேரலைன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும்னு போட்டிருக்கு" என்றாள்.

நானே அவளைக் கூட்டிக்கொண்டு அட்மிஷன் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த கேஸ் வொர்க்கர், அதாவது அந்த ஃபைல்களைப் பார்க்கும் குமாஸ்தா, எனக்குத் தெரிந்தவர்தான். "பாஸ்போர்ட் எங்கே?" என்றார். நான், "என்னங்க, இந்தப் பொண்ணு கர்நாடகா, கன்னடம் பேசுது பாருங்க" என்றேன். "இப்பல்லாம் எல்லா ஆப்பிரிக்காக்காரனும் கன்னடம் பேசறான் மேடம், ஆட்டோக்காரன்கிட்ட பேரம் பேசணுமில்ல" என்றார். அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுக் கன்னடப் பள்ளியில் படித்த சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ், எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு பக்கம் இதெல்லாம் அடிச்சுக் கொடுக்கறாங்க. நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? வெளிநாட்டுக்காரங்களுக்கு உண்டான ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பாஸ்போர்ட், விசா. இல்லைன்னா இவங்க வெளிநாட்டுக்காரங்க இல்லைன்னு உங்க டைரக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. ஆப்பிரிக்காவுக்கு அவருதானே எக்ஸ்பர்ட்?"

திரும்பி நடக்கும்போது கீதா கேட்டாள்: "உங்க வீட்டுல தமிழ்தானே மேடம்?" ஆமாம் என்றேன். "உங்ககிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்கலையா?" குத்திக் காட்டுவதாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அலுவலகத்தில் யாரும் ஒரு சீட்டுக்கூடக் கேட்டதில்லை. என் தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அவள் முன்னோர்கள் இந்த மண்ணுக்கு வந்தபோது என் தாத்தாவின் தாத்தா எங்கே இருந்தாரோ.

டைரக்டரிடம் போனால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன். கீதா சித்தி என்ற பெயரைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். முகம் அப்படி மலர்ந்தது. சித்திகளைப் பற்றி அவர் கட்டுரையே எழுதியிருக்கிறார். "உட்காரும்மா, உட்காரு. உங்க வீட்டுல என்ன பாஷை? பழைய ஆப்பிரிக்க வார்த்தை ஏதாவது மிச்சம் இருக்கா? பாட்டு? தாலாட்டு?"

"வீட்டுல கொங்கணி சார். வெளியில கன்னடம். வேற எதுவும் தெரியாது."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் கடிதம் தருவதாகச் சொன்னார். நான் உடனே உட்கார்ந்து அடித்தேன். இவர் எல்லாப்பூர் தாலுக்காவில் பிறந்து வளர்ந்தவர், இந்தியர், கர்நாடகத்தவர் என்று மூன்றே வரி. கொண்டுபோய் வைத்தேன். படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். அடியில் எழுதினார்: 'இவர் ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்தவர்.'

"சார், வேண்டாம் சார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவங்க பார்ப்பாங்க" என்றேன்.

"சரோஜம்மா, இது உண்மை. அவங்க சரித்திரத்தை இத்தனை நூறு வருஷமா எல்லாரும் மறைச்சாங்க. நானும் மறைக்கணுமா? என் பேனாவால ஆப்பிரிக்கா இல்லைன்னு எழுத மாட்டேன்."

கீதா மெதுவாகக் கேட்டாள்: "சார், உங்க பூர்வீகம் எந்த ஊரு?"

"எங்க முன்னோர் தஞ்சாவூர் பக்கம்னு சொல்லுவாங்க. ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால."

"உங்க சர்டிபிகேட்ல அது எழுதியிருக்கா சார்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கை தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார். "அருமையான கேள்வி. சரோஜம்மா, இதைக் குறிச்சு வையுங்க, அடுத்த செமினாருக்கு இதையே தலைப்பா வச்சுக்கலாம்" என்றார். பச்சை வரி பச்சை வரியாகவே இருந்தது.

நான் நினைத்தபடியே ஆயிற்று. கேஸ் வொர்க்கர் டைப் அடித்த மூன்று வரியையும் தாண்டி நேராக அடியில் போனார். "பாருங்க, டைரக்டரே எழுதிட்டாரு, ஆப்பிரிக்கான்னு" என்று விரலால் தட்டிக் காட்டினார். பதிவாளரிடம் போனேன். அவரும் கடிதத்தைப் பார்த்துவிட்டு, துணைவேந்தர் சொன்னால்தான் உண்டு என்றார். துணைவேந்தரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்கும். சீட்டோ சனிக்கிழமையோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆப்பிரிக்க வாரத் தொடக்க விழா. துணைவேந்தர் தலைமை. டைரக்டர் தானாகவே யோசனை சொன்னார். "கீதாவை மேடை ஏத்தறேன். ரெண்டு நிமிஷம் ஆடட்டும். துணைவேந்தர் மனசு குளிர்ந்துட்டா ஒரே வார்த்தையில வேலை முடிஞ்சிடும்." கீதா, "எனக்கு ஆட வராது சார், பேசறேன்" என்றாள். சரி என்றார். அதுவரை அவளை எங்கே தங்க வைப்பது? ஹாஸ்டலில் இடமில்லை, ஏனென்றால் அவள் இன்னும் மாணவி இல்லை. என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மீன் குழம்பை ஒரு கை பார்த்ததும் மாமியார் சமாதானமாகிவிட்டார். "எந்த ஊர் பொண்ணா இருந்தா என்ன, சாப்பிடற அழகு இருக்கு" என்றார்.

விழாவில் ஹால் நிறைந்திருந்தது. போண்டா என்று அறிவித்திருந்தோம். டெல்லியிலிருந்து ஒரு தூதரக அதிகாரி வந்திருந்தார். துணைவேந்தர் அவரோடு தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். டைரக்டர் கீதாவை அறிமுகப்படுத்தினார்: "ஆப்பிரிக்காவின் மகள்." நான் பக்கவாட்டில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன்.

கீதா மைக் முன்னால் வந்தாள். "என் பேரு கீதா. ஊரு எல்லாப்பூர். அப்பா பாக்குத் தோட்டத்துல வேலை செய்யறாரு. கர்நாடக சரித்திரம் படிக்கணும்னு வந்தேன். பட்டியல்ல என் பேரு இருக்கு. ஆனா இங்க பாஸ்போர்ட் கேக்கறாங்க. எங்க வீட்டுல யாருகிட்டயும் அது இல்ல. நாளைக்குக் கடைசி நாள். ஐயா அவர்கள் சொன்னா எனக்கு சீட்டு கிடைக்கும்." இவ்வளவுதான் பேசினாள். அச்சடித்த மாதிரி கன்னடம். பின்வரிசையில் சில மாணவர்கள் எழுந்தே கைதட்டினார்கள்.

துணைவேந்தர் கைதட்டல் சத்தத்தில்தான் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டே வந்து மைக்கைப் பிடித்தார். "கடல் தாண்டி ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த பொண்ணு, எவ்வளவு அழகா நம்ம கன்னடத்தைக் கத்துக்கிட்டுப் பேசறா பாருங்க. பெங்களூர்ல பொறந்த நம்ம பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி பேச வருமா?" ஹால் அதிர்ந்தது. அங்கேயே, வெளிநாட்டவர்கள் கன்னடம் கற்பதற்காகப் பல்கலைக்கழகம் போட்ட ஆரம்பப் பாடப் புத்தகத்தை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

டைரக்டர் பக்கம் பார்த்தேன். திருத்துவார், கட்டாயம் திருத்துவார் என்று நினைத்தேன். ஆப்பிரிக்காவை நாடு என்று சொன்னாலே நடுவில் நிறுத்தித் திருத்துகிறவர். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். அருகே போய்க் காதோடு சொன்னேன். "துணைவேந்தரை மேடையிலயே திருத்தினா நல்லாவா இருக்கும் சரோஜம்மா? அவர் சந்தோஷமா இருக்காரு, காரியம் ஆகட்டும்" என்றார்.

காரியம் ஆயிற்று. சனிக்கிழமை காலையில் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: இந்த ஆப்பிரிக்க மாணவியைச் சிறப்பு நேர்வாக, வெளிநாட்டு மாணவர் பிரிவில், உள்ளூர்க் கட்டணத்தில் சேர்க்கவும். பாஸ்போர்ட் பின்னால் கொடுக்கலாம். நான் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கீதா என்னைத் தேற்றினாள். "விடுங்க மேடம். சீட்டு கிடைச்சா போதும். அப்பாகிட்ட சேர்ந்துட்டேன்னு சொல்லணும், எப்படி சேர்ந்தேன்னா அவர் கேக்கப் போறாரு?"

முதலில் ரத்தப் பரிசோதனை. நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். அவள் ரவிக்கைக் கையை மடித்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்தாள். பிறகு படிவம். கடைசியில் ஓர் உறுதிமொழி: படிப்பு முடிந்ததும் என் சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்வேன். அதன் கீழே, திரும்பிச் செல்லும் நாடும் முகவரியும் என்று ஒரு கட்டம். கீதா பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குண்டு குண்டாக இங்கிலீஷில் எழுதினாள்: எல்லாப்பூர். அப்பா பெயர், வாடி, தபால் நிலையம் எல்லாம் எழுதினாள்.

கேஸ் வொர்க்கர் வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கட்டத்துக்கும் ஒரு டிக் போட்டார். "எல்லாக் கட்டமும் ரொப்பியிருக்கு, சரி" என்று முத்திரை குத்தினார். எல்லாப்பூருக்குத் தினமும் மெஜஸ்டிக்கிலிருந்து பஸ் போகிறது. அவர் பார்த்தது கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான்.

அந்தப் பெண் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள். தசரா விடுமுறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "எங்க நாட்டுக்குப் போயிட்டு வரேன் மேடம்" என்பாள். முனுசாமி, "சித்தி, எங்களுக்கு அங்கேர்ந்து என்ன கொண்டு வருவீங்க?" என்பான். தேன் கொண்டு வருவாள். நாங்கள் பதிவாளருக்கு இரண்டு முறை எழுதினோம், வகையை மாற்றுங்கள் என்று. இரண்டு முறையும் டைரக்டர் ஒரு பச்சை வரி சேர்த்தார். இரண்டு முறையும் திரும்பி வந்தது. சித்திகளைப் பற்றிய அவருடைய செமினார் பிரமாதமாக நடந்தது, பல ஊர்களிலிருந்து வந்தார்கள். கீதாவைத் தேநீர் பரிமாறும் இடத்தில் நிற்க வைத்து எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவள் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள், அதை யாரும் கேட்கவில்லை.

தேர்வு தள்ளித் தள்ளிப் போய், முடிவு வரும்போது குளிர்காலம் ஆகிவிட்டது. முதல் வகுப்பு. கீதா சான்றிதழ் வேலைகளுக்காக ஹாஸ்டலிலேயே இருந்தாள். பிற்பாடு அவள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததும், அவள் பெயரில் போன ஓர் அறிவிப்பு நான் பதிவாளர் அறையில் கத்திய கத்தலில் ரத்தானதும் எல்லாம் அப்புறம் நடந்தவை. இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுவது அந்த ஒரு காலைதான்.

வெளிநாட்டு மாணவர் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. படிப்பு முடிந்தவர்களுக்கு அச்சிட்ட அறிவிப்பு ஒன்று போகும்: உங்கள் படிப்பு முடிந்துவிட்டது, இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறும் தேதியைத் தெரிவிக்கவும். ஒரு பிரதி மாணவருக்கு, ஒரு பிரதி சொந்த நாட்டு முகவரிக்கு. அந்தப் பிரிவில் இருந்தவர்கள் படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்து எழுதி, உள்நாட்டுத் தபால்தலையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டிய கைக்குக்கூட எதுவும் தோன்றவில்லை.

டைரக்டரும் நானும் ஹாலில் அடுத்த ஆப்பிரிக்க வாரத்துக்கான ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தோம். முனுசாமி ஓடி வந்தான். "அக்கா, சித்தியோட அப்பா வந்திருக்காரு" என்றான். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தோளில் துண்டு, கையில் மடித்த கவர். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. டைரக்டர் எழுந்து அவரை நோக்கிப் போனார், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. அந்த மனிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கவரை நீட்டினார்.

"சாமி, போஸ்ட் மாஸ்டர் படிச்சுச் சொன்னாரு. பொண்ணு இந்த தேசத்தை விட்டுப் போகணுமாம். அவ தப்பு ஏதாவது பண்ணியிருந்தா நான் கால்ல விழறேன்."

"தப்பு ஒண்ணும் இல்லைங்க, அவ முதல் வகுப்புல பாஸ் பண்ணியிருக்கா" என்றேன் நான். டைரக்டர் கவரைப் பிரித்துப் படித்தார். அறிவிப்பில் எல்லாப்பூர் முகவரியைப் பார்த்தார். கை பாக்கெட்டில் இருந்த பச்சைப் பேனாவுக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரசாங்கத்திடம் பேசும் மரியாதையோடு கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்க ஜனம் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க சாமி. பொண்ணு மட்டும் போகணுமா, நாங்க எல்லாருமே போகணுமா? எல்லாரும்னா, பாக்கு அறுப்பு முடியற வரைக்கும் டயம் கொடுப்பீங்களா?"